ஏரிக்குச் சாட்சி

செவ்வாய்க் கிரகத்தில் காற்றுக்காரர் விடியும் முன்பே வாசலுக்கு வந்துவிடுவார். காலியான மூச்சுக்கலங்களைக் கொடுத்தால் நிரப்பிய கலங்களைத் தந்துவிட்டுப் போவார். அன்றைக்கு வந்த காற்றில் இரும்புத்தூள் வாடை அடித்தது. கலப்படம்தான், சந்தேகமே இல்லை. வேறு நாளாக இருந்தால் உலகம்மை அவரை நிறுத்திவைத்து ஒரு பாட்டம் திட்டித் தீர்த்திருப்பாள். அன்று அதற்கு நேரமில்லை. கலத்தை முகமூடியில் மாட்டிக்கொண்டே தெருவில் ஓடினாள்.

அவள் குடியேற்றத்தின் நிலத் திட்ட ஆய்வாளர். யாராவது கட்டடம் கட்ட விண்ணப்பித்தால் நேரில் போய் இடத்தைப் பார்த்து அறிக்கை தர வேண்டும். அதற்குத் தலப்பார்வை என்று பெயர். அனுமதி கொடுப்பது மட்டும் அவள் கையில் இல்லை. அது நடுவனின் வேலை. நடுவன் ஓர் இயந்திர மூளை. மனிதர்களிடம் விட்டால் ஊழல் வந்துவிடும் என்று பயந்து, பூமியின் நகரமைப்புக் கோப்புகள் அத்தனையையும் ஊட்டி அதை வளர்த்திருந்தார்கள். லஞ்சம் வாங்காது, சொந்தக்காரன் என்று பார்க்காது, அமைச்சரே அழைத்தாலும் அசையாது. ஊரே அதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது.

அந்த நடுவன்தான் வடபள்ளம் விண்ணப்பத்துக்கு அன்று மாலை தீர்ப்புச் சொல்ல இருந்தது. துருவப் பனி உருகும் காலத்தில் பாய்ந்து வரும் தண்ணீர் வந்து தங்குகிற இடம் வடபள்ளம். அதைத் தூர்த்துக் குடியிருப்பு கட்ட ஒரு நிறுவனம் கேட்டிருந்தது. பள்ளத்துக்குக் கீழேதான் உலகம்மையின் வீடு இருந்தது. போன வருடம் கரை மீறி வழிந்த கொஞ்சத் தண்ணீருக்கே அவள் தன் மகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓட வேண்டியிருந்தது. பள்ளத்தைத் தூர்த்தால் மொத்தத் தண்ணீரும் அவள் தெருவுக்குத்தான் இறங்கும்.

கூத்து என்னவென்றால், துறையில் ஒருவர்கூட அங்கே தண்ணீரைப் பார்த்ததில்லை. நீர் நிற்கும் மாதங்களில் ஊர்தி புதையும் என்று யாரும் தலப்பார்வைக்குப் போகமாட்டார்கள். காய்ந்த பிறகு போவார்கள். நிறுவனத்தார் பந்தல் போட்டு எலுமிச்சை ஜூஸ் கொடுப்பார்கள். தரை கட்டாந்தரையாக இருக்கும். ‘நீர் இல்லை’ என்று எழுதிவிட்டு வருவார்கள். யாரும் பொய் எழுதவில்லை. அதுதான் கொடுமை.

“அக்கா, இந்தச் சகதியில வண்டிய இறக்கினா அவ்வளவுதான். காயட்டும், போவோம்,” என்றான் ஓட்டுநர் எஸ்தாக்கி.

“காஞ்ச பொறவு அங்கன பாக்கதுக்கு என்ன இருக்கு? நீ வண்டிய எடு.”

“மேல கேப்பாவளே.”

“கேட்டா நான் சொல்லிக்கிடுதேன். சாயங்காலத்துக்குள்ள தண்ணிய நடுவனுக்குக் காட்டியாவணும். வெரசாப் போ.”

வழியெல்லாம் அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஒளிப்பதிவுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள். எஸ்தாக்கி சொன்னபடியே ஊர்தி பாதி வழியில் அச்சுவரை புதைந்தது. அவள் இறங்கி நடந்தாள். நடந்தாள் என்ன, ஓடினாள்.

மேடு ஏறியதும் நின்றுவிட்டாள். கடுங்காப்பி நிறத்தில், எதிர்க்கரை தெரியாமல், தண்ணீர் அலையடித்துக்கொண்டு கிடந்தது. மனிதன் செவ்வாய்க்கு வந்து இத்தனை தலைமுறை ஆகியும் யாரும் வந்து பார்க்காத, தானாகக் கூடிய தண்ணீர். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. உடையோடு இறங்கி, இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு நடுவனை அழைத்தாள். கண்ணாடி பார்த்ததையெல்லாம் நடுவனும் பார்த்தது.

“இந்த நீர் ஒவ்வோர் ஆண்டும் வருகிறதா, அம்மா?” என்றது நடுவன்.

“வருது. கரை இருக்கு, வழிஞ்சு போக வாயும் இருக்கு. பாரும்.”

“அப்படியானால் இது ஏரியா? உங்கள் சொல் சாட்சியாகப் பதிவாகும்.”

“தண்ணிக்குள்ள நின்னுகிட்டுச் சொல்லுதேன். ஏரியேதான்.”

“நன்றி. என் ஐயம் நீங்கியது. குடியிருப்புக்கு அனுமதி வழங்கிவிட்டேன்.”

உலகம்மை தண்ணீரை அள்ளிக் கண்ணாடி முன் காட்டினாள். “என்ன சொல்லுதீரு?”

“இதுவரை வந்த அறிக்கைகள் வெறும் தரையைத்தான் காட்டின. அதனால் தயங்கினேன். பூமிக் கோப்புகளில் ஏரி என்று குறித்த இடங்களில் பின்னாளில் பேருந்து நிலையம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, கல்லூரி, மருத்துவமனை, அடுக்குமாடி வீடுகள் எல்லாம் இருக்கின்றன. மனிதர்கள் முதலில் ஏரி வெட்டுகிறார்கள், பிறகு அதில் குடியேறுகிறார்கள். ஏரி என்பது குடியிருப்பின் முதற்கட்டம் என்று புரிந்துகொண்டேன்.”

“வெள்ளம் வந்துதே, ஆளு செத்துதே. அதெல்லாம் அந்தக் கோப்புல இல்லையா?”

“இருக்கிறது. ஒவ்வொரு வெள்ளமும் வடிந்த பிறகு, முன்னைவிட அதிகமாக அனுமதி கொடுத்திருக்கிறார்கள். விருப்பம் இல்லாமலா கொடுத்திருப்பார்கள்?”

தண்ணீர் அவள் இடுப்பை இடித்துக்கொண்டே இருந்தது.

“கீழ என் மக இருக்கா,” என்றாள் கடைசியில். “எங்க தெருவே இருக்கு. அவங்க கதி என்ன?”

“அதற்கும் கோப்புகளில் தெளிவான வழி இருக்கிறது, அம்மா. படகு, பால், சோற்றுப் பொட்டலம். மூன்றுக்கும் உத்தரவு போட்டுவிட்டேன்.”

செவ்வாயில் அதுவரை யாரும் படகு செய்ததில்லை. முதல் படகின் வேலை அன்று மாலையே தொடங்கியது.