உதடு தெரியணும்

சோபனாவின் அம்மா சுகுணாவுக்குக் காது கேட்காது. சின்ன வயதில் வந்த காய்ச்சலோடு கேட்கும் சக்தி போய்விட்டது. அதனால் அவளிடம் எதையும் மறைத்துவிடலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்! எதிரே நிற்பவரின் உதட்டைப் பார்த்தே அத்தனையும் தெரிந்துகொள்வாள். பாப்பாரப்பட்டிச் சந்தையில் தக்காளி விற்பவர் பக்கத்துக் கடைக்காரரிடம் ரகசியமாகச் சொல்லும் விலைகூட அவளுக்குத் தெரிந்துவிடும்.

அப்பா மாயவன் அம்மாவிடம் பேசும்போது சத்தமே வராது. வெறும் வாயசைவும் கையசைவும்தான்.

"கேக்காத காதுக்கு எதுக்குச் சத்தம்? தொண்டைத் தண்ணி மிச்சம்" என்று சிரிப்பார். பெங்களூருவுக்குக் கட்டட வேலைக்குப் போன பிறகும் தினமும் காலையில் வீடியோ காலில் வந்துவிடுவார்.

போன மாதம் ஒரு நாள், வேலை செய்த இடத்தில் சாரம் சரிந்து அப்பா இறந்துபோனார்.

அன்று காலையும் அவர் கூப்பிட்டிருந்தார். அம்மா குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். போன் வீட்டில் கிடந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, அப்பாவின் நொறுங்கிய போனிலிருந்து மெமரி கார்டை எடுத்து வந்து மாமா கொடுத்தார். அம்மாவின் பழைய போனில் அதைப் போட்டுப் பார்த்தார்கள். ஒரே ஒரு வீடியோ இருந்தது. அன்றைய தேதி. அப்பா கூப்பிட்டு, அம்மா எடுக்காமல் போன ஐந்தாவது நிமிடத்தில் எடுத்தது.

அம்மா அதை அழுத்தினாள். திரை கறுப்பாகிவிட்டது. 'இந்த வீடியோவை இயக்க முடியவில்லை' என்று வந்தது. இருபது தடவை அழுத்தியும் அதுவேதான் வந்தது.

"எனக்குத்தான் என்னமோ சொல்லியிருக்காரு" என்று அம்மாவின் உதடு அசைந்தது. "அன்னிக்கு நான் போனை எடுத்திருக்கலாம்."

ஆறாம் வகுப்புப் படிக்கிற சோபனா சனிக்கிழமை காலையில் போனை எடுத்துக்கொண்டு, பேருந்து நிறுத்தம் பக்கத்தில் இருக்கும் மாரப்பனின் செல்போன் கடைக்குப் போனாள்.

மாரப்பன் கார்டைக் கணினியில் போட்டுப் பார்த்தார்.

"வீடியோ நல்லாத்தான் இருக்குது பாப்பா. புது போன்ல எடுத்தது. படத்தை வேற மாதிரி மடிச்சு உள்ள வெச்சிருக்கும். உங்கம்மா போனு பழசு. அதுக்கு அந்த மடிப்பைப் பிரிக்கத் தெரியாது. நான் மாத்தித் தர்றேன், மத்தியானமா வா."

மத்தியானம் போனபோது போன் தயாராக இருந்தது.

"சும்மா பறக்கும் பாரு" என்றார் மாரப்பன்.

சோபனா ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். வீடியோ ஓடியது. ஆனால், அதிலிருந்து ஒரு சோகப் பாட்டு வந்தது! சோபனா திகைத்துப்போனாள். அம்மாவுக்குப் பாட்டா கேட்கிறது? அவள் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். தள்ளிப் பிடித்தாள். வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

பிறகு மெல்லத் தலையாட்டினாள். "உதடு தெரியல கண்ணு."

சோபனா எட்டிப் பார்த்தாள். அப்பா தூரத்தில் சின்னதாக நின்றார். கை அசைந்தது. வாய் இருக்க வேண்டிய இடத்தில் கலங்கலாக நாலைந்து கட்டங்கள்தான் இருந்தன. அம்மா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். முதுகு குலுங்கியது. அழும்போது தனக்குச் சத்தம் வருவது அம்மாவுக்குத் தெரியாது. சோபனாவுக்குக் கேட்டது.

அவள் மறுபடி கடைக்கு ஓடினாள்.

"ஏங்கண்ணா பாட்டு போட்டீங்க?"

"ஒரே மெஷின் இரைச்சல், பேச்சே கேக்கல. எறந்தவங்க வீடியோன்னு சொன்னியே, அதான் ஒரு சோகப் பாட்டு சேத்தேன். நல்லா இல்லியா?"

"எங்கம்மாவுக்குக் காது கேக்காதுங்க. எங்கப்பா சத்தமில்லாம வாயசைச்சுத்தான் பேசுவாரு. உதடு தெரியணும்ங்கண்ணா!"

மாரப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அடக் கடவுளே! போன்ல எடம் பத்தாதுன்னு நான் நல்லாச் சுருக்கிப்புட்டேனே. கார்டுல இருந்ததையும் அழிச்சு..."

சோபனாவின் முகம் வெளுத்துவிட்டது.

"இரு, இரு! அழுவாத!" மாரப்பன் அவசர அவசரமாகக் கணினியைத் தட்டினார். திரையில் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்தார். அவர் நெற்றியில் வியர்த்தது. "இருக்குது தாயே, இருக்குது! முதல்ல ஒரு காப்பி எடுத்து வெச்சிருந்தேன்."

சோபனாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

மாரப்பன் தாடையைச் சொறிந்தார். "ஆனா ஒரு சிக்கல் பாப்பா. இதே தெளிவோட முழுசா மாத்தினா, அவ்ளோ பெரிய படத்தை உங்கம்மா போனு தாங்காது. திக்கித் திக்கித்தான் ஓடும். சின்னதாக்கினா உதடு போயிடும். என்ன பண்றது சொல்லு."

சோபனா யோசித்தாள். "படத்துல எங்கப்பா எவ்ளோ பெருசாத் தெரியறாருங்க?"

"போனை செங்கல் மேல சாச்சு வெச்சிட்டுத் தூரமாப் போயி நின்னிருக்காரு. சுத்தியும் கட்டடம், சிமெண்ட் மூட்டை, வானம். நடுவுல அவரு."

"அப்ப கட்டடம் எதுக்குங்கண்ணா? வானம் எதுக்கு? எங்கப்பாவை மட்டும் இடுப்புக்கு மேல வெட்டி எடுத்துருங்க. படம் சின்னதாயிடும் இல்ல? அவரைச் சுருக்க வேணாமே?"

மாரப்பன் அவளையே பார்த்தார். "அட! பதினஞ்சு வருசமாக் கடை வெச்சிருக்கேன், எனக்குத் தோணலியே."

வெட்டினார். பழைய போனுக்குத் தெரிந்த மடிப்புக்கு மாற்றினார். "வா, சரியா இருக்குதான்னு பாரு" என்று கூப்பிட்டார்.

சோபனா சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஏன், நீ பாக்கலியா?"

"எனக்கும் உதட்டைப் படிக்கத் தெரியுங்க. அது எங்கம்மாகிட்டப் பேசினது. அவங்கதான் மொதல்ல பாக்கணும்."

மாரப்பன் திரையைப் பார்த்தார். பிறகு, "எனக்குப் படிக்கத் தெரியாதே. சரியா இருக்குதுன்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

"எங்கப்பாவுக்கு மேல் பல்லு ஒண்ணு ஓரத்துல ஒடைஞ்சிருக்கும். அது தெரியுதுங்களா?"

மாரப்பன் திரைக்கு மிக அருகே குனிந்தார். "தெரியுது பாப்பா. சிரிக்கிறாரு. நல்லாத் தெரியுது."

"அப்ப சரிங்கண்ணா" என்றாள் சோபனா.

"சத்தத்தையும் அப்படியே உட்டுட்டேன். உங்கப்பா நின்ன எடத்துச் சத்தம். அது இருக்கட்டும்" என்று சொல்லி மாரப்பன் போனைக் கொடுத்தார்.

வீட்டில் அம்மா போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். சோபனா எதிரே உட்கார்ந்தாள். அங்கிருந்து அவளுக்குப் போனின் முதுகும் அம்மாவின் முகமும்தான் தெரிந்தன. ஏதோ மெஷின் இரையும் சத்தம் மட்டும் கேட்டது.

அம்மாவின் கண்கள் இமைக்கவே இல்லை. பிறகு அவள் உதடு அசைந்தது, சத்தமில்லாமல்.

"தண்ணி புடிக்கப் போயிருந்தேங்க."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ம். இங்கயும் நல்ல மழைங்க."

மறுபடி கொஞ்ச நேரம்.

"நல்லாப் படிக்கிறா. வாய்தான் ஜாஸ்தி."

சோபனாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்பா தன்னைப் பற்றிக் கேட்டிருக்கிறார்!

அதன்பின் அம்மா திரையை இன்னும் கிட்டத்தில் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் தாடைவரை இறங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளக்கூட அவள் கையை எடுக்கவில்லை.

"நானுந்தாங்க" என்றது அவள் உதடு.

மெஷின் சத்தம் நின்றது. அப்பா என்ன சொன்னதற்கு அம்மா அப்படிச் சொன்னாள் என்று சோபனா கேட்கவில்லை. அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வீடியோவை மறுபடியும் முதலிலிருந்து வைத்தாள். பிறகு நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் தரையைத் தட்டினாள்.

"வா கண்ணு. அப்பா பேசறாரு."