இருபத்தொன்றாவது கிலோமீட்டர்

மார்கழி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழே காலுக்கு வரலக்ஷ்மி ஓட்டம் முடித்து வீட்டுக்கு வந்தாள். கேட்டின் கொண்டி விழுந்த சத்தம் கேட்டது. ஷூவைக் கழற்றி வாசல் ஸ்டாண்டில் வைத்த சத்தமும் கேட்டது. கூடத்தில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்த சத்யநாராயணன் தலை நிமிராமலே "வந்தாச்சா?" என்றார். அவர் கண் போனிலேயே இருந்தது.

போனில் அவள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தாள்.

உத்திரமேரூர் ஏரிக்கரையின் வளைந்த கோட்டின் மேல் அவள் இருக்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது. கீழே எண்கள். தூரம் பதினாறு புள்ளி இரண்டு. இதயத் துடிப்பு நூற்று அறுபத்தெட்டு.

டவர் சரியில்லை, பழைய கணக்கைக் காட்டுகிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். பனிக்காலத்தில் அப்படி ஆவதுண்டு. வரலக்ஷ்மி அவரைத் தாண்டி அடுக்களைக்குள் போனாள்.

வரலக்ஷ்மி மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். நாற்பத்திரண்டு வயதில் ஓடப் போகிறேன் என்று அவள் சொன்னபோது, தாலுகா ஆபீசில் வேலை பார்க்கும் சத்யநாராயணனுக்குப் பிடிக்கவில்லை. பேண்ட் போட்டுக்கொண்டு ஏரிக்கரையில் ஓடினால் நாலு பேர் பார்ப்பார்கள் என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். பெங்களூரில் இருக்கும் அவள் தம்பி ஒரு வாட்ச் வாங்கிக் கொடுத்திருந்தான், உள்ளேயே சிம் இருக்கிற வகை. ஓடுகிறவர் எங்கே இருக்கிறார், என்ன வேகம், இதயம் எப்படித் துடிக்கிறது என்பதையெல்லாம் வீட்டில் இருக்கிறவர் போனில் அப்போதைக்கப்போதே பார்க்கலாம். தினமும் அந்த லிங்க்கை அனுப்பிவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். "நாலு பேர் எதுக்கு, நீங்க ஒருத்தர் பாருங்கோ, போறும்" என்று அவள் சொன்னாள்.

காவலுக்காகப் பார்க்க ஆரம்பித்தவருக்கு மெல்ல மெல்ல அது பழக்கமாகிவிட்டது. ஓடும்போது அவள் துடிப்பு நூற்று நாற்பத்தைந்தில் நிற்கும். நடந்தால் நூற்றுப்பத்து. சும்மா இருக்கையில் அறுபத்து நாலு. கரையில் தெருநாய் குறுக்கே வந்தால் கூட எண் எகிறுவதை வைத்தே அவருக்குத் தெரிந்துவிடும். அதே திரையின் அடியில் ஒரு பொத்தான் இருந்தது. அதை அமுக்கிப் பேசினால் ஓடுகிறவரின் வாட்ச்சில் அது கேட்கும். உற்சாகப்படுத்துவதற்கு. இத்தனை மாதத்தில் ஒரு தடவை கூட அவர் அதை அமுக்கியதில்லை. என்ன சொல்வது என்று கூச்சம்.

பிப்ரவரியில் சென்னையில் அரை மாரத்தான். இருபத்தோரு கிலோமீட்டர். இதுவரை அவள் பதினைந்தைத் தாண்டியதில்லை.

திரையில் தூரம் பதினேழானது.

பழைய கணக்காக இருந்தால் எண் ஏறாது. சத்யநாராயணன் டம்ளரைக் கீழே வைத்தார். நீலப் புள்ளி உபரித் தண்ணீர் வழியும் கலங்கல் வரைக்கும் போய்த் திரும்பி, வந்த வழியே மறுபடி ஓடியது.

வாட்ச்சைத் தவற விட்டிருப்பாள், யாரோ எடுத்துக்கொண்டு ஓடுகிறான் என்று தோன்றியது. எழுந்து அடுக்களைக்குப் போனார்.

அவள் தரையில், சுவரில் முதுகு படாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஓடி வந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடிக்கிறவள் குடத்தின் பக்கமே போகவில்லை. டீ ஷர்ட்டில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. இடது மணிக்கட்டில் வாட்ச் கட்டிய தடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

"வாட்ச் எங்கே?"

"அங்கேதான் இருக்கு" என்றாள். கண்கள் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

உடம்பு சரியில்லையா என்று கேட்டார். நன்னாத்தான் இருக்கேன் என்றாள். அப்போதுதான் அவர் அவள் கால்களைக் கவனித்தார். நீட்டியிருந்த பாதங்களில் பெருவிரல்கள் துடித்தன. இடது, வலது, இடது, வலது.

ஓடுகிற கணக்கில்.

குனிந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். விரலுக்கடியில் நாடி, கூண்டில் அடைத்த அணில் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. கூடத்துக் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்து எண்ணினார். நடுவில் எண்ணிக்கை குழம்பி மறுபடி எண்ணினார். நூற்று எழுபத்து மூன்று.

இடது கையில் இருந்த போனைத் திருப்பினார்.

நூற்று எழுபத்து மூன்று.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் அது எழுபத்தைந்தானது. விரலுக்கடியிலும் வேகம் கூடியது.

மாடி போர்ஷனில் குடியிருந்த இந்து, அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் கூப்பிட்ட குரலைக் கேட்டு ஈரத்தலையோடு இறங்கி வந்தாள். நாடி பார்த்தவள் முகம் மாறிவிட்டது. உட்கார்ந்த இடத்தில் இப்படி அடிக்கக்கூடாது சார், ஆம்புலன்ஸுக்கு நானே சொல்கிறேன் என்று போனை எடுத்தாள். வரலக்ஷ்மியை மெதுவாகப் பாயில் சாய்த்தார்கள். படுத்த பிறகும் விரல்கள் நிற்கவில்லை.

சத்யநாராயணன் அவள் காதருகே குனிந்தார். வாய் அசைந்துகொண்டிருந்தது.

"இருபத்தொண்ணு ஆச்சுன்னா நின்னுடுமாம்."

"என்னது நின்னுடும்?"

அவர் கை அவள் நெஞ்சின் மேல் இருந்தது. அந்தத் துடிப்பு நின்றால் என்ன ஆகும் என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"யாரு சொன்னா?"

"பின்னாடி வரவ."

திரையில் தூரம் பத்தொன்பது புள்ளி இரண்டு.

ஆம்புலன்ஸ் இருபது நிமிஷத்தில் வந்துவிடும் என்றாள் இந்து. புள்ளி ஓடுகிற ஓட்டத்தில் இருபத்தொன்று ஆவதற்குப் பத்து நிமிஷம் கூட இல்லை. எங்கே போகிறீர்கள் என்று இந்து கேட்டது அவர் காதில் விழுந்தது. டீச்சரை விட்டு அசையாதே, கையைப் பிடித்துக்கொண்டே இரு என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

பஸ் ஸ்டாண்டைத் தாண்டி ஏரிப் பக்கம் திரும்பியதும் ஊர்ச் சத்தம் பின்னால் போய்விட்டது. வெயில் ஏறியிருந்தாலும் தண்ணீர் மேல் பனி இன்னும் கலையவில்லை. அந்த வருஷம் நல்ல மழை. ஏரி கரைமட்டம் வரைக்கும் தளும்பி நின்றது. ஸ்கூட்டரை மதகுப் பக்கம் நிறுத்திவிட்டுக் கரையில் ஏறினார். சேற்று வாடையும் ஆகாயத்தாமரை அழுகிய வாடையும் மூக்கில் ஏறின.

கரைச் சரிவில் பச்சையம்மாள் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவள். தினமும் காலையில் அங்கே இருப்பவள், வரலக்ஷ்மிக்குப் பழக்கம்.

"இன்னா சார், டீச்சரத் தேடிக்கினு வந்தியா?" என்றாள் அரிவாளை நிறுத்தாமல். "இப்பத்தான் இப்டிக்கா போச்சி. வெடிஞ்சதுலேர்ந்து போவுது, வருது. நில்லும்மான்னா நிக்கல."

"நீ பாத்தியா? இப்போ?"

"கண்ணு முன்னாடி தானே ஓடுது. பின்னாலயே ஒரு பொண்ணு ஓடிக்கினு கீது. யாரு வூட்டுப் பொண்ணோ தெரியல. இந்தப் பனியில தல வரிக்கும் நனஞ்சி கீது."

சத்யநாராயணன் கரையின் இரண்டு பக்கமும் பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம் வரை செம்மண் தடம் வெறுமையாகக் கிடந்தது.

போனில் நீலப் புள்ளி கலங்கலைத் தொட்டுத் திரும்பியது. இருபது புள்ளி நாலு. துடிப்பு நூற்று எண்பத்தாறு. இந்துவிடமிருந்து அழைப்பு வந்தது. எடுக்கக் கை வரவில்லை.

புள்ளி அவர் இருக்கும் திசையில்தான் வந்துகொண்டிருந்தது.

தூரத்தில், கரையோரத் தண்ணீரில் நின்றிருந்த கொக்கு ஒன்று எழும்பிப் பறந்தது. சற்று இந்தப் பக்கம் இன்னொன்று எழும்பியது. பிறகு அதற்கும் இந்தப் பக்கம் இரண்டு. யாரோ கரையில் ஓடி வர வர, வரிசையாகப் பறவைகள் கிளம்பிக்கொண்டிருந்தன.

அப்புறம் சத்தம் கேட்டது.

சரளைக் கல்லில் ஷூ பதியும் சத்தம். அது அவருக்குத் தெரிந்த சத்தம். கூடவே ஒரு தப்படி பிந்தி, வெறுங்கால் ஈரத்தில் அடிக்கிற சத்தம்.

இருபது புள்ளி எட்டு.

அவர் தடத்தின் நடுவில் போய் நின்றார். இரண்டு கையையும் விரித்தார். பச்சையம்மாள் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றதைக் கடைக்கண்ணால் பார்த்தார். வலது கைக் கட்டைவிரலைப் போனில் அந்தப் பொத்தானின் மேல் வைத்தார். அமுக்கினார்.

"போறும்" என்றார். "நீ ஓடினது போறும். நான் பாத்துண்டுதான் இருக்கேன். வா, நம்மாத்துக்கு வந்துடு."

பத்தடி முன்னால், காற்றில், அவர் குரலே சின்னதாக ஒலித்துத் திரும்பக் கேட்டது.

மூச்சிரைப்பு நெருங்கியது.

வெதுவெதுப்பான காற்று ஒன்று அவர் மார்பில் மோதியது. தேங்காயெண்ணெயும் முழங்கால் தைலமும் கலந்த வாசனை. விரித்த கைகளை அவரையறியாமல் மூடிக்கொண்டார். ஒரு கணம், ஒரே கணம், அவள் தோள் எலும்பு உள்ளங்கையில் இடித்தது.

அதற்குள் அடுத்தது வந்து மோதியது.

அது சில்லென்று இருந்தது. அதில் பாசி வாடை.

கண்ணைத் திறந்தபோது முழங்காலில் விழுந்து கிடந்தார். காலடியில் வாட்ச். பட்டை நனைந்து ஒட்டியிருந்தது, கண்ணாடி மட்டும் சூடாக இருந்தது. போனில் புள்ளி நின்றுவிட்டது. இருபது புள்ளி ஒன்பது ஆறு.

இந்து மறுபடி கூப்பிட்டாள். டீச்சர் ஒரு கத்துக் கத்திவிட்டு மயக்கமாகிவிட்டார், ஆனால் நாடி இறங்கிக்கொண்டு வருகிறது, நூற்றுப்பத்து, தொண்ணூற்றாறு, இப்போது கண் விழித்துத் தண்ணீர் கேட்கிறார் என்று அழுதுகொண்டே சொன்னாள். பச்சையம்மாள் அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கி விட்டாள். கரையிலிருந்து ஸ்கூட்டர் வரைக்கும் கூடவே வந்தாள். ஏறும்போதுதான் மெதுவாகக் கேட்டாள்.

"சார், நீ யாரக் கூப்ட்ட?"

டீச்சரைத்தான் என்றார்.

"பேரு சொல்லலியே" என்றாள். புல்லுக்கட்டைப் பார்க்கப் போய்விட்டாள்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் வரலக்ஷ்மி மூன்று நாள் இருந்தாள். இதயத்தின் மின்னோட்டத்தில் கோளாறு என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவளுக்கு நினைவிருந்தது கொஞ்சம்தான். கலங்கல் பக்கம் பின்னால் யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது, வேறு யாரோ பயிற்சிக்கு வருகிறார்கள் என்று வேகத்தைக் கூட்டினாள், அதற்குப் பிறகு குறைக்க முடியவில்லை. வீடு வந்து சேர்ந்ததோ, ஷூ கழற்றியதோ தெரியாது. ஆனால் ஓட்டத்தின் கடைசியில் காதில் உங்கள் குரல் கேட்டது என்றாள். முதல் தடவையா கூப்பிட்டேள், அதான் நின்னேன் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஏரியில் முன்பு யாராவது விழுந்தார்களா என்று ஆபீசில் பழைய ஆட்களிடம் விசாரித்துப் பார்த்தார். இவ்வளவு பெரிய ஏரியில் எந்த வருஷம் விழவில்லை, எந்தப் பெண்ணைக் கேட்கிறீர்கள் என்றார்கள். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. வாட்ச்சைச் சார்ஜ் போடாமல் துணியில் சுற்றித் தம்பிக்கே கூரியரில் அனுப்பிவிட்டார்கள். மாரத்தான் பேச்சு நின்றது. தை பிறந்து அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். எல்லாம் கழிந்துவிட்டது என்றுதான் அவர் நம்பினார்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் உள்ளறைக் கட்டிலில் படுத்திருந்தார்கள். வரலக்ஷ்மி அவருக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துத் தூங்கிவிட்டாள். மூன்று மணிக்குக் கரண்ட் போனது. ஃபேன் சுற்றிச் சுற்றி மெல்ல நின்றது. தெருவிலும் சத்தமில்லை. இத்தனை நாளும் ஃபேன் சத்தத்தில் கேட்காமல் இருந்தது அப்போது கேட்டது.

அவள் மூச்சு, நிதானமாக, ஆழமாக.

அதற்கு நடுநடுவே இன்னொரு மூச்சு. வேகமாக, வாய் திறந்து, வெகுதூரம் ஓடி வந்து அப்போதுதான் உட்கார்ந்தவள் இரைக்கிற மாதிரி.

சத்யநாராயணன் அசையாமல் படுத்திருந்தார். பிறகு கையை நீட்டி அவள் முதுகின் மேல் வைத்தார். முதுகு மெதுவாக ஏறி இறங்கியது, முதல் மூச்சின் கணக்கில். மற்றது அவளுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து வந்தது. அங்கே ஒரு சாண் இடம்தான் இருந்தது. தலையைத் தூக்கி எட்டிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"வரலக்ஷ்மி" என்றார், பெயரைச் சொல்லி, அடிக்குரலில்.

இரைப்பு நின்றது. கேட்டுக்கொண்டிருப்பது போல.

தூக்கம் கலையாமலே வரலக்ஷ்மி அவர் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து படுத்துக்கொண்டாள், சுவர் ஓரம் இடம் விட்டு.