கொடிமேட்டுக்கும் மதகுக்கும் நடுவே

மழை... கண்ணாடியைத் துடைக்கத் துடைக்க மூடிக்கொள்ளும் ஐப்பசி மழை. வாய்க்கால் கரையில் ஒரு கார் போகத்தான் இடம். அங்கே இரண்டு கார்கள் மூக்கோடு மூக்கு நின்றன.

வெள்ளைக் காரில் மதுரம். சொந்த ஊருக்கே மாற்றலாகி வந்திருக்கும் கால்நடை மருத்துவர். கார் அவளுடையதல்ல. "வாங்குறதுக்கு முன்னாடி ஓட்டிப் பாருடி" என்று தோழி நஃபீசா கொடுத்தது. எதிரே ஒரு குட்டி நீலக் காரில் ஓர் இளைஞன்.

அவள் ஹாரன் அடித்தாள். அவனும் அடித்தான். பிறகு தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு இறங்கி வந்தான்.

"மதகு உங்களுக்குப் பின்னால நூறு அடிதாங்க. அங்க ஒதுங்கிக்கிட்டா நான் போயிடுவேன்."

"நீங்க ஒதுங்கினா என்ன?"

"எனக்குக் கொடிமேடு முந்நூறு அடி... ஓ, ரிவர்ஸ் வராதா?"

வராதுதான். அதை இவனிடம் சொல்வாளா?

"வரும். போகமாட்டேன்."

அவன் கண்கள் சிரித்தன. இமை நுனியில் ஒரு மழைத்துளி... விழவில்லை. ச்சே, எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்!

அவன் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு, கட்சிக் கொடிக்கம்பம் நின்ற மேடு வரை பின்னாலேயே ஓட்டினான். ஒரு சக்கரம்கூட நழுவவில்லை. அவள் ஊர்ந்து பின்தொடர்ந்தாள். வழியெல்லாம் அவனுடைய நனைந்த பிடரியைத்தான் பார்த்தாள்.

மேட்டில் அவன் காருக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஜன்னலை இறக்கி நோட்டை எடுத்தாள். சின்ன கார் வைத்திருக்கும் ஏழு பேரிடம் கேட்டுக் கட்டம் போட்டு எழுதியிருந்தாள். இவன் எட்டாவது.

"உங்க வண்டி எப்படி?"

"மைலேஜ் பதினாறுதான். ஏசி போட்டா பாலம் ஏறுறப்ப முனகும். ஆனா சேத்துல ஆடு மாதிரி ஏறிடும். உங்க வெள்ளை?"

"இருபது குடுக்குது. வேகத்தடையில அடி தட்டுது."

"அப்ப அது டவுன் மாப்பிள்ளை. நம்ம கரைக்கு ஆகாது."

சிரிப்பை அடக்கிக்கொண்டு கடைசிக் கேள்வியைக் கேட்டாள். "பின் சீட்டுல ரெண்டு பெரியவங்க வசதியா உக்காரலாமா?"

"தெரியாதுங்க. அங்க எப்பவும் விதைநெல் மூட்டைதான்."

அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டாள். "உங்க பேரு?"

"வைரக்கண்ணு. திருக்காட்டுப்பள்ளியில விதைக்கடை. துரைராசு மகன்."

பேனா நின்றது. ஆறு மா நிலத்துக்காக அவள் அப்பா சிவசங்கரனோடு ஏழு வருஷம் குத்தகை வழக்கு நடத்தி ஜெயித்தவர் துரைராசு. தீர்ப்புக்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சே இல்லை.

அவனுக்கும் அவள் யாரென்று தெரிந்திருந்தது. அவள் நோட்டை மூடிவிட்டுக் காரைக் கிளப்பினாள்.

அதன்பிறகு விதைக்கடை வழியாகப் போகும் வேலை அவளுக்கு அடிக்கடி வந்தது. கார்களைப் பற்றி மட்டுமே பேசினார்கள். கிளட்ச்... டயர்... நடுநடுவே நீண்ட மௌனங்கள். அந்த மௌனங்களை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

தை மாதம், தன் சம்பளத்தில் கார் வாங்கினாள். அவன் வைத்திருந்த அதே ரகம். சிவப்பு.

"அந்த வீட்டுப் பையன் ஓட்டுற வண்டியா? நான் ஏறமாட்டேன்" என்றார் சிவசங்கரன். "அவன் பேச்சும் இங்க வேண்டாம்."

அவள் தினமும் காலையில் மருத்துவமனைக் கொட்டகையைச் சுற்றிப் பின்னாலேயே ஓட்டிப் பழகினாள். மாசியில் முழங்கால் வலி சிவசங்கரனைக் காரில் ஏற்றியது. கோயிலுக்குப் புறப்பட்டார்கள்.

அதே கரை. எதிரே நீலக் கார். வைரக்கண்ணுவுக்குப் பக்கத்தில் துரைராசு!

"பின்னாடி போகாதே!" என்றார் சிவசங்கரன். "ஏழு வருஷம் ஒரு அடி விட்டுக் குடுக்காதவன் நான்."

"அப்படியும் நிலம் போச்சேப்பா."

எதிரே துரைராசுவும் கையை ஆட்டி எதையோ கத்திக்கொண்டிருந்தார். இப்போது விட்டுக்கொடுக்காவிட்டால் இந்தக் கரை என்றைக்கும் இப்படியேதான்... மதுரம் ரிவர்ஸ் போட்டாள். ஜன்னலில் தலையை நீட்டி, மதகு வரை நூல் பிடித்தது போல் பின்னால் வந்து நிறுத்தினாள். பெருமூச்சோடு நிமிர்ந்து பார்த்தால்... நீலக் கார் கொடிமேட்டில் நின்றது. அவனும் அதே நேரத்தில் பின்னால் போயிருக்கிறான்!

நடுவே கரை முழுதும் காலி.

கொடிமேட்டிலிருந்து துரைராசுவின் குரல் வந்தது. "சிவசங்கரன்! உங்க பொண்ணு என்னமா ஓட்டுது!"

தீர்ப்புக்குப் பிறகு இவர்களோடு அவர் பேசிய முதல் பேச்சு. சிவசங்கரன் கண்ணாடியை இறக்கிவிட்டு ஜன்னலில் தலையை நீட்டினார்.

"என் பொண்ணுய்யா அது! உம்ம மகன் மட்டும் என்ன, லேசுப்பட்டவனா?"

மதுரம் கதவைத் திறந்து கரையில் நடந்தாள். அங்கிருந்து அவனும் நடந்து வந்தான். நடுவில் நின்றார்கள்.

"அந்தக் காலிக் கட்டம்..." என்றான். "இப்பவாவது எழுதினீங்களா?"

"எங்க அப்பாவும் உங்க அப்பாவும் பின்னாடி உக்காந்து பாத்தாத்தான் எழுத முடியும்."

"அப்ப முன்னாடி?"

அவன் கண்களை நேராகப் பார்த்தாள். "நீங்களும் நானும். வாழ்நாள் முழுக்க."

அவன் ஒரு அடி கிட்டே வந்தான். "முதல் நாளே... அந்த மழையிலேயே முடிவு பண்ணிட்டேன் மதுரம்." பிறகு அந்தப் பழைய சிரிப்பு. "யாரு ஓட்டுறது?"

"நான்தான். ரிவர்ஸும் நான்தான்!"

கரையின் இரண்டு முனைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் ஹாரன் சத்தம் எழுந்தது. இரண்டு அப்பாக்களும் பொறுமை இழந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். வழக்கு தொடங்கிய நாளிலிருந்து அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம்.