தம்பியின் டோன்

கிட்டார் வயரை இன்னும் சொருகவேயில்லை. அதற்குள் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் முனக ஆரம்பித்திருந்தது. பழைய டியூப் ஆம்ப் கொஞ்சம் இரையத்தான் செய்யும், அவளுக்குத் தெரியும். ஆனால் இந்த இரைச்சல் நடுநடுவே நின்றது. மூச்சு வாங்குவதுபோல் நின்று, மறுபடி தொடங்கியது.

தம்பி பைக்கில் போய்ச் செத்து மூன்று மாதம். அவன் பாதியில் விட்ட பாட்டை முடித்துத் தருவதாக அவனுடைய பேண்டிடம் ஒப்புக்கொண்டிருந்தாள். விரல்கள் அவளுடையவையாக இருக்கலாம். அந்தக் கரகரத்த, கிழிந்த டோன் மட்டும் அவனுடையதாக இருக்க வேண்டும். அதைக் காதால் சரிபார்க்க அவனுடைய கூட்டாளி, பேண்டின் டிரம்மர், கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

வயரைச் சொருகி, கரகரப்பைக் கூட்டும் கெயின் குமிழை நாலிலிருந்து ஐந்துக்குத் திருகி, கீச்சென்ற ட்ரெபிளைத் தணித்து, தந்திகளைச் சேர்த்து ஒரு கார்டை அடித்து அது தேய்ந்து அடங்கும்வரை காது கொடுத்தபோது, ஆம்பின் கண்ணாடி வால்வுகளில் சூடேறிய தூசியின் வாசனை மூக்கில் ஏற, மரப்பெட்டியின் அதிர்வு தரை வழியாக முழங்காலைத் தொட, அந்தக் கரகரப்புக்கு அடியில் யாரோ “அக்கா” என்றார்கள்.

“கூப்பிட்டியா?”

“இல்லையேக்கா. வாசிங்க, கிட்ட வந்துட்டோம்.”

ஆறு. ஒலியின் ஓரங்கள் பிய்ந்தன. உள்ளே எங்கோ டயர் ரோட்டில் தேய்ந்து இழுபடும் சத்தம். ஸ்பீக்கர் பழசு, அதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கை மட்டும் குமிழை விடவில்லை.

ஏழு.

“போதும்க்கா. வலிக்குது.”

தம்பியின் குரல். சந்தேகமேயில்லை.

உள்ளங்கையால் ஆறு தந்திகளையும் அழுத்தினாள். தந்திகள் அடங்கின. சத்தம் அடங்கவில்லை.

“இதேதான்,” டிரம்மர் கண்ணை மூடிக்கொண்டான். “அப்படியே அவன்தான். எனக்குப் புல்லரிக்குது.”

“நான் வாசிக்கலடா.”

அவன் காதில் விழவில்லை. கட்டிலிலிருந்து நழுவி ஆம்ப் முன்னால் மண்டியிட்டான். “இன்னும் கொஞ்சம் கூட்டினா சரியா நிக்கும்க்கா,” என்று குமிழைக் கடைசிவரை திருகினான்.

“குறைக்கா. குறைக்கா. குறை—”

ஆம்புக்குள்ளிருந்து தம்பி கெஞ்சினான். அதற்குப் பிறகு வார்த்தை இல்லை. அலறல் மட்டும்.

அவனைத் தள்ளிவிட்டுக் குமிழைப் பிடித்தாள். அசையவில்லை. இரண்டு கையாலும் முறுக்கினாள். அசையவில்லை.

சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

கரண்ட் போனாலும் டியூப் ஆம்ப் ஒரு நொடி பாடிவிட்டுத்தான் ஓயும். காத்திருந்தாள்.

ஒரு நொடி. இரண்டு. பத்து.

வால்வுகள் இன்னும் சிவந்தன. அலறல் உயர்ந்தது.

பிளக் அவள் கையில் தொங்கியது. தரையில், டிரம்மர் மூடிய கண்ணைத் திறக்காமல் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.