சாப்பிட்டுட்டுப் போகலாம்

தன் அறைக் கதவின் உள்பக்கம், தாழ்ப்பாள் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு திருகாணித் துளைகள் மட்டும் இருப்பதை மணவாளன் அன்று சாயங்காலம்தான் கவனித்தார். வெளிப்பக்கம் போய்ப் பார்த்தால், அங்கே ஒரு புதுத் தாழ்ப்பாள், மாப்பிள்ளை மாதிரி எண்ணெய் மினுமினுப்போடு உட்கார்ந்திருந்தது.

"என்னய்யா எத்திராஜ் இது?"

தச்சர் எத்திராஜ் காதில் செருகியிருந்த பென்சிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நீதானே சார் சொன்ன, அல்லாக் கதவுலயும் உள்தாப்பாளக் கயட்டி வெளியில போடுன்னு. போட்டுக்கீறேன்."

"எல்லாக் கதவும்னா அவங்க கதவுய்யா. இது என் ரூம். நான் யாரு?"

"அத்த நீ சொல்லலியே சார். ஸ்க்ரூ வேற தீந்துபோச்சு. கரையான்சாவடி போயி வாங்கினு, ஒரு டீ அட்ச்சிட்டு வந்து மாத்தித் தர்றேன். அதுக்குள்ள உன்ன யாரு உள்ள வச்சிப் பூட்டப் போறா?"

மணவாளன் சிரித்தார். சிரித்ததில் மேல்வரிசைக் கட்டுப்பல் நழுவ, நாக்கால் அதை மேலே ஏற்றிக்கொண்டார்.

இருவரும் கேட்டை நோக்கி நடக்கையில், கூடத்து ஜன்னல் கம்பிகளுக்கு நடுவிலிருந்து ஒரு கை வந்து எத்திராஜின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தது. "நான்தான் இங்க மேனேஜர். கதவைத் தெற. என்னை ஆள் மாத்தி அடைச்சு வெச்சிருக்கான்." ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சட்டை போட்டிருந்த பார்த்தசாரதி. ஒரு காலத்தில் பேங்க் மேனேஜர்.

"இதுக்கெல்லாம் மிரளக் கூடாது" என்று மணவாளன் மேடைக் குரலுக்கு மாறினார். "மறுத்துப் பேசாதே. காரணம் கேட்காதே. 'சரிங்க சார், சாப்பிட்டுட்டுப் போகலாம்.' அவ்வளவுதான். சாப்பிட்டதும் மறந்துடுவாங்க. இது ஒரு சயின்ஸ். எங்கே, சொல்லு பார்ப்போம்."

எத்திராஜ் பாடம் ஒப்பிக்கும் பையனைப் போல நிமிர்ந்து நின்றார். "சரிங்க மேனேஜர் சார், சாப்ட்டுட்டுப் போலாம்."

கை தளர்ந்து கம்பிக்குள் போய்விட்டது.

"மந்திரம் மாரி வேல செய்தே சார்!" என்று வியந்தபடி எத்திராஜ் சைக்கிளில் ஏறினார். மணவாளன் கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

'கருணை நிழல் முதியோர் பாதுகாப்பகம்' நான்கு வருஷத்துக்கு முன்னால் வரை கோழிப்பண்ணை. கம்பிவலை இருந்த இடத்தில் இரும்புக் கம்பி வந்தது, கூண்டு இருந்த இடத்தில் கட்டில் வந்தது. மற்றபடி பெரிய மாறுதல் இல்லை. மழை வரும் நாட்களில் பழைய குடித்தனக்காரர்களின் வாடை சுவரிலிருந்து எழும்பும். யூனியன் ஆபீசில் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்ற மணவாளன், இங்கே 'நிர்வாக இயக்குநர்' என்று பித்தளைப் பலகை மாட்டிக்கொண்டார். ஜனங்கள் என்னவோ மேனேஜர் என்றுதான் கூப்பிட்டார்கள். பலகைக்குக் கீழே இன்னொரு பலகை: 'பாதுகாப்பே பாசம்.' கேட்டில் மூன்றாவது: 'உள்ளிருந்து வரும் கூச்சலைக் கேட்டுப் பார்வையாளர்கள் கலங்க வேண்டாம். அவர்கள் நலமாக இருக்கிறார்கள்.'

அவரை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. போன வருஷம் அன்னம்மாள் என்கிற அம்மாள், பூ வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று திறந்திருந்த கேட்டைத் தாண்டி நெடுஞ்சாலை வரை போய்விட்டாள். மணல் லாரி. தார் ரோட்டில் ஒட்டிக்கொண்டிருந்த புடவைக் கரையை மணவாளன்தான் குந்தி உட்கார்ந்து பிரித்தெடுத்தார். அது துணி மட்டுமல்ல என்று விரலுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து அவருக்குத் தூக்கத்தில் ஹாரன் கேட்கும். அந்தப் பயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை, சட்டமாக்கிவிட்டார்.

கட்டிலோடு சேர்த்துக் கட்டக் கொக்கி வைத்துத் தைத்த காடாத்துணிப் பட்டைகள் வந்தன. 'அரவணைப்புப் பட்டை' என்று அவரே பெயர் சூட்டினார். அரவணைத்த இடத்தில் தோல் உரிந்து ஈ மொய்த்தது. சாப்பிட மறுத்தால் மூக்கைப் பிடிக்க வேண்டும். மூச்சுக்காக வாய் திறக்கும்போது கரண்டியை அடிநாக்கு வரை விட வேண்டும். ஆயா கஸ்தூரிக்கு இதையும் அவரே செய்து காட்டினார். அப்போது யாருடைய பல்லோ ஒன்று கரண்டியோடு வந்தது. "பால் பல் மாதிரிதான்" என்று அதை ஜன்னலுக்கு வெளியே எறிந்தார்.

அன்று மத்தியானம்கூட ஒரு தகராறு. ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் சார்ஜ்மேனாக இருந்த சம்பத்தைப் பார்க்க அவர் மகள் பத்மா வந்திருந்தாள்.

"அந்த வேப்பமரம் வரைக்குமாவது அப்பாவை நடக்க விடுங்க சார். நான் கையப் புடிச்சுக்கறேன்."

"விழுந்தா?"

"விழட்டும் சார். நடந்து விழட்டும். இப்படிக் கட்டிப் போட்டு என்னத்தக் காப்பாத்தறீங்க?"

"அன்னம்மாளும் நடக்கத்தாம்மா போனாங்க."

பத்மா அழுதுவிட்டுப் போனாள். கட்டிலில் கிடந்த சம்பத், மணவாளனையே பார்த்தார். அவருடைய பெரிய கட்டைவிரல், இடுப்புக் கொக்கியை மெல்லத் தடவிக்கொண்டிருந்தது. இரும்பைத் தொட்டே அதன் பழுதைச் சொல்கிற விரல்.

"தம்பி, கேட்டைத் தெறங்க. ஷிஃப்டுக்கு நேரமாச்சு."

"சரிங்கய்யா, சாப்பிட்டுட்டுப் போகலாம்" என்று மணவாளன் அவர் கன்னத்தில் தட்டினார். தட்டியது அறை மாதிரியே விழுந்தது. சம்பத் சிரித்தார். அவர் சிரித்து மணவாளன் அதுவரை பார்த்ததில்லை.

எத்திராஜ் போன கொஞ்ச நேரத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் யாரோ அரிசி மூட்டையை அவிழ்த்துக் கொட்டுவதைப் போலத் தொடங்கி, பிறகு மூட்டை மூட்டையாகக் கொட்ட, நிலம் குளிர்ந்த மணத்தையும் அடுப்பில் கொதித்த ரசத்தின் மணத்தையும் மூழ்கடித்துக்கொண்டு சுவருக்குள்ளிருந்து ஈர இறகும் எச்சமும் கலந்த அந்தப் பழைய வாடை மெதுவாக எழுந்து, வராந்தாவைத் தாண்டி, மணவாளனின் மேஜை வரை வந்து, அவர் ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்த காபிக்குள்ளும் இறங்கியது. டியூப்லைட் இரண்டு முறை கண்ணடித்தது. கரண்ட் போய்விட்டது.

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. கூடத்தில் சத்தமே இல்லை. இந்த நேரத்துக்குச் சம்பத் ஷிஃப்டுக்குக் கூப்பிடுவார். பார்த்தசாரதி கம்பியைத் தட்டுவார். யாராவது செத்துப்போன தங்கள் அம்மாவைத் தேடி அழுவார்கள். இன்று கூரையில் மழை. கீழே ஒன்றுமில்லை.

இல்லை, ஏதோ இருந்தது. டக். கொஞ்சம் தள்ளி, டக். அவசரமில்லாமல், ஒரு வரிசையில். கொக்கி கழலும் சத்தம்.

"கஸ்தூரி!"

"எங்க போய்த் தொலைஞ்சா இவ" என்று தனக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்லிக்கொண்டு, மணவாளன் டார்ச்சோடு கூடத்துக்குள் போனார்.

முதல் கட்டில் காலி. தலையணை மேல் பட்டை, சலவைக்காரர் கொடுத்த துணி மாதிரி மடித்து வைக்கப்பட்டிருந்தது. இரண்டாவதும் காலி, அதே மடிப்பு. எங்கும் அறுக்கவில்லை, கிழிக்கவில்லை. மூன்றாவது. நான்காவது. வெளிச்சம் கடைசிக் கட்டிலுக்குப் போனது. அங்கே ஆள் படுத்திருந்தது. நெஞ்சிலும் இடுப்பிலும் கால்களிலும் பட்டை, ஒழுங்காக. அப்பாடா, சம்பத் மட்டும் இருக்கிறார்.

கிட்டே போனார்.

கஸ்தூரி. கண்கள் திறந்திருந்தன. கன்னங்கள் இரண்டும் பந்தாகப் புடைத்திருந்தன. வாய் நிறைய, வாயையும் மீறி, ரசம் சாதம். மோவாயில் வழிந்து, கழுத்துக் குழியில் தேங்கி, இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. பற்களுக்கு நடுவே கரண்டிக் காம்பு செங்குத்தாக நின்றது. மூக்கின் இரு பக்கமும் நீலமாக இரண்டு விரல் தடம். பெரிய விரல்.

பின்னாலிருந்து ஒரு கை அவர் தாடையைப் பற்றியது.

அது தாக்குகிற கை போல இல்லை. குழந்தைக்கு முகம் துடைக்கிற கை போல இருந்தது. அப்படியே இறுக்கியது. உள்ளே ஏதோ முறிந்தது. கட்டுப்பல் தெறித்தது. டார்ச் உருண்டது. உருண்ட வெளிச்சத்தில் கால்கள், வெறுங்கால்கள், சுவரை ஒட்டி வரிசையாக நின்ற வீங்கிய வெறுங்கால்கள். மணவாளன் முழங்கையால் பின்னால் இடித்தார். பிடி நழுவியது. ஓடினார். காலடியில் அவருடைய பல்லே நொறுங்கியது. யார் மேலோ மோதினார், விழுந்தார், தவழ்ந்தார், எழுந்தார். யாரும் துரத்தவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

அறை. கதவைச் சாத்தினார். கை பழக்கத்தில் தாழ்ப்பாளைத் தேடியது.

நான்கு துளைகள்.

முதுகைக் கதவில் கொடுத்து நின்றார். வெளியே காலடிகள் நிதானமாக வந்தன. நின்றன. பிறகு அந்தப் புதுத் தாழ்ப்பாள் எண்ணெய் போட்ட வழுவழுப்போடு சறுக்கி விழுந்தது.

"விழுந்துடுவீங்க சார்" என்றது சம்பத்தின் குரல். "உள்ளயே இருங்க. பாதுகாப்பு."

ஜன்னலுக்கு ஓடினார். மழைத்திரைக்கு அப்பால், கேட்டில் ஒரு சைக்கிள். சாக்குப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரு உருவம்.

"சார்! மணவாளன் சார்! கேட்டு பூட்டிக்கீது பாரு!"

எத்திராஜ்! மணவாளன் கம்பியைப் பிடித்து உலுக்கிக் கத்தினார். மேல்பல் இல்லாத, தாடை தொங்கிய வாயிலிருந்து ரத்தமும் காற்றும்தான் வந்தன. "எஹ்ஹாஹ்... நா... நா மேனேஷ..."

"யாருபா அது?"

"நா மேனேஷர்! கதவ... தெழ!"

கூடத்து ஜன்னலிலிருந்து பார்த்தசாரதியின் குரல் தெளிவாக எழுந்தது. "நான்தான் மேனேஜர். கதவைத் தெற." இன்னொரு குரல் சேர்ந்தது. "நான்தான் மேனேஜர்." ஒரு பெண்குரல். இன்னொன்று. பேச்சே மறந்துபோனவர்கள்கூட, ஜன்னல் ஜன்னலாக, "மேனேஜர், நான்தான் மேனேஜர்." மணவாளனின் ஊளை அதற்குள் கரைந்து போனது.

கேட்டில் எத்திராஜ் வயிறு குலுங்கச் சிரித்தார். "இன்னாபா, மழ பேஞ்சா அல்லாரும் மேனேஜராயிடுவீங்களா?" கேட்டுப் பலகையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, கற்றுக்கொண்ட பாடத்தை மறக்கவில்லை என்று காட்டும் பெருமையோடு, கையை வாயருகே குவித்துக் கத்தினார்: "சரிங்க மேனேஜர் சார்! சாப்ட்டுட்டுப் போலாம்!"

சைக்கிள் மணி ஒருமுறை அடித்தது. மழை.

கூடத்துக் குரல்கள் ஒன்றாக நின்றன.

தாழ்ப்பாள் சறுக்கியது. கதவு திறந்தது. மடித்த பட்டைகளைக் கையில் போட்டுக்கொண்டு சம்பத் முன்னால் வந்தார். மணவாளன் அவரை அடித்தார், கடிக்கப் பார்த்தார், எதனால் கடிப்பது? பல கைகள். மெலிந்த கைகள், மணிக்கட்டுத் தோல் உரிந்த கைகள். அவருடைய கட்டிலிலேயே சாய்த்தன. டக். நெஞ்சு. டக். இடுப்பு. கால்கள். ஒரு கை அவர் இடுப்பிலிருந்த கேட் சாவியை எடுத்தது. எடுத்துத் தலையணைக்கு அருகில், அவர் பார்க்கும்படி வைத்தது. யாருக்கும் அது தேவைப்படவில்லை.

"ழுடுங்க... நா போகணு..."

சம்பத் குனிந்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை. கன்னத்தில் ஒரு தட்டு தட்டினார். இரண்டு விரல்கள் மூக்கின் இரு பக்கமும் வந்து அமர்ந்தன. இறுகின.

மணவாளன் வாயை மூடிக்கொண்டார். உடைந்த தாடையை இருந்த பலத்தையெல்லாம் திரட்டி மூடிக்கொண்டார். காது அடைத்தது. சம்பத்தின் தோளுக்கு மேலே வாசல் தெரிந்தது. வாசலைத் தாண்டி வராந்தா. வராந்தா முழுக்க, இருட்டின் கடைசி வரை, தட்டோடு வரிசை. ஒவ்வொரு தட்டிலும் ஆவி. ஒவ்வொரு கையிலும், முன்கூட்டியே நிரப்பிய கரண்டி.

"சாப்பிட்டுட்டுப் போகலாம்" என்றது வரிசை, அன்பாக.

அவருடைய உதடுகள் தாமாகப் பிரிந்தன.