பதினாறு பக்க மழை

ஐந்தரைக்கு எழுவான். தண்ணீர் மோட்டரைப் போடுவான். தாங்கி நிரம்பும் சத்தம் கேட்டதும் நிறுத்துவான். முகம் வழித்து, குளித்து, பால் விடாமல் ஒரு பிளேன்டீ ஊற்றி, மூன்று பிஸ்கட்டோடு நின்றபடியே குடிப்பான். கோப்பையைக் கழுவிக் கவிழ்ப்பான். சட்டை, பை, சாவி. ஏழு மணிக்குக் கொழும்பின் காலி வீதியில் கொட்டாஞ்சேனை பஸ்ஸுக்கு நிற்பான்.

ஹரிசனுக்கு முப்பத்திரண்டு வயது. கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் வேலை. மனைவி கஜானி இறந்து இரண்டு வருடம். டெங்கு. ஐந்தாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. அதன்பிறகு காலைகள் எல்லாம் ஒரே மாதிரித்தான்... சில நாள் மழை பெய்யும், சில நாள் பெய்யாது.

அன்று பெய்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இரண்டு தரிப்பு தள்ளி ஒருத்தி ஏறினாள். "இஸ்ஸரஹட்ட யன்ன" என்று கண்டக்டர் சிங்களத்தில் கத்த, சனம் அவளை முன்னால் தள்ளிக்கொண்டு வந்து அவன் அருகே நிறுத்தியது. கையில் பொலித்தீன் சுற்றிய பெரிய மட்டைக் கோப்பு. அவன் கையை நீட்டினான். இந்த ஊர் பஸ்ஸில் இருப்பவர் நிற்பவரின் பாரத்தை வாங்கி மடியில் வைப்பது வழக்கம். கேட்கவும் வேண்டாம், நன்றி சொல்லவும் வேண்டாம்.

"நனையாமப் பாத்துக்கொள்ளுங்கோ அண்ணா. உள்ளுக்குப் படம்."

நிமிர்ந்தான்.

இமைகளில் மழை நின்றது. ஒவ்வொரு மயிரிலும் ஒரு துளி... விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு. அதற்குக் கீழே இரண்டு கண்கள். நல்ல கறுப்பு. நல்ல கோபம். அந்தக் கோபம் அவன்மேல் இல்லை, தூரத்தில் யாரோ ஒருவன்மேல். அந்த ஒருவன் பாவம் என்று ஹரிசன் நினைத்தான்.

"என்ன படம்?" என்று கேட்டான். ஏன் கேட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை. பஸ்ஸில் அவன் பேசுவதில்லை.

"பிள்ளையளுக்கு ஒரு புத்தகம். நான்தான் வரைஞ்சது."

"நல்லது."

"நல்லது எண்டு சொல்லாதேங்கோ அண்ணா. பழுதாக்கிப் போட்டாங்கள்." அவள் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "பதினாறு பக்கத்திலயும் மழை. பெயின்ற்றில வரையேல்லை, பிளேன்டீயால வரைஞ்சனான். ஒரு மாசம். அச்சகத்தில ஆரோ ஒரு மடையன் அதைக் கறை எண்டு நினைச்சு ஒரு துளி விடாமத் துடைச்சுப் போட்டான். குடை பிடிச்சபடி ஒரு காகம் நிக்கும்... இப்ப அது வெயிலுக்குக் குடை பிடிக்குது."

ஹரிசனுக்குக் காது சுட்டது. அந்தக் காகத்தை அவனுக்குத் தெரியும். நான்கு நாட்கள் கணினித் திரையில் அதைப் பெரிதாக்கி வைத்து, புள்ளி புள்ளியாகச் சுத்தம் செய்திருந்தான். படங்களில் தூசி, மடிப்பு, கறை எடுப்பதுதான் அவன் வேலை. இப்படியொரு சுத்தமான வேலை செய்து கனகாலம் என்று திருப்திகூடப் பட்டிருந்தான்.

"இப்ப எங்க போறீங்கள்?"

"அங்கதான். அந்த ஆளுக்குக் கண் தெரியுமோ எண்டு கேக்கோணும்."

"தெரியும்," என்றான்.

"என்ன?"

"கண்ணாடி போட்டாத் தெரியும்." மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தான். "நான்தான் துடைச்சது."

பஸ் கொள்ளுப்பிட்டியைத் தாண்டியது. கட்டடங்களின் இடைவெளிகளில் கடல் வந்து வந்து மறைந்தது. அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கையை நீட்டினாள்.

"படத்தைத் தாங்கோ."

கொட்டாஞ்சேனை வரும்வரை கோப்பைத் தானே அணைத்தபடி நின்றாள். இரண்டு தடவை விழப் பார்த்தாள். கொடுக்கவில்லை.

அச்சகத்தின் முதலாளி நப்ரீஸ், இருவரும் ஒன்றாக நனைந்து வருவதைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார். அவள் பெயர் யதுஷா என்று அப்போதுதான் ஹரிசனுக்குத் தெரிந்தது. அவள் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னாள். சத்தம் போடாமல், வரிசையாக. மூலப் படங்களை இனி வீட்டு வாசலுக்கு வெளியே அனுப்பமாட்டேன் என்று முடித்தாள்.

"அப்ப ஹரிசன், நீ சனிக்கிழம புள்ளட ஊட்டுக்குப் போ," என்றார் நப்ரீஸ். "ஸ்கேனரக் கொண்டு போய் அங்கயே எடு. கலரயும் பகல் வெளிச்சத்தில பாத்துட்டு வா. தொடச்சவன்தான் திருப்பிப் போடணும்."

வெள்ளவத்தையில் கடல்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், இரண்டாம் மாடி. அவளும் அம்மா பாலேஸ்வரியும். பல்கனிக்குக் கீழே ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல். மேசையில் பென்சில்களைவிடத் தேநீர்க் கோப்பைகள் அதிகம். ஒவ்வொன்றிலும் வேறு வேறு நிறத்தில் சாயம்.

"இது ஊத்தி அஞ்சு நிமிசம். இது நேத்து. இது மூண்டு நாள்... தூறல், மழை, அடைமழை," என்று விரலால் காட்டினாள். "குடிச்சுக் கிடிச்சுப் போடாதேங்கோ அண்ணா."

ஸ்கேனர் மெதுவாக நகர, அவள் அடுத்த புத்தகத்துக்கு வரைவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பக்கத்துக்கு முப்பது சின்னப் படங்கள் கீறுவாள், தீப்பெட்டி அளவில். முப்பதையும் சுவரில் ஒட்டுவாள். ஆக நல்லதை எடுக்கமாட்டாள்.

"நல்லது எனக்கு ஏற்கனவே தெரிஞ்சது. எது ஏன் வந்தது எண்டு விளங்கேல்லையோ... அதைத்தான் எடுக்கிறது."

பிறகு ஒரு பேனாவை எடுத்துத் தாளில் வைத்தாள். கீறவில்லை. அப்படியே இருந்தாள். ஒரு நிமிடம்... இரண்டு நிமிடம்...

"என்ன?"

"உஷ். ஆறே முக்கால் பிந்தி வரும். கொஞ்சம் பொறுங்கோ."

கீழே ரயில் வந்தது. மேசை அதிர்ந்தது. கோப்பைகள் கிலுகிலுத்தன. அந்த அதிர்வோடு அவள் பேனா ஓடியது. ரயில் போனபோது தாளில் அலை இருந்தது... கை நினைத்தாலும் வராத நடுக்கத்தோடு, உயிரோடு.

ஹரிசன் எட்டு வருடமாகப் படங்களோடு வேலை செய்கிறான். படம் பிறப்பதைப் பார்த்ததில்லை. நெஞ்சுக்குள் ஏதோ அசைந்தது. ரயிலாக இருக்கும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான்.

அடுத்த சனிக்கிழமை மாதிரி அச்சுகளோடு போனான். தேநீரின் நிறம் சிக்கவில்லை. ஒன்று சிவந்தது. ஒன்றில் பச்சை பாய்ந்தது. பல்கனி வெளிச்சத்தில் மூலத்தையும் அச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இருவரும் தலையை ஆட்டினார்கள். அவள் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து காட்டினாள். உள்ளே சின்னச் சின்னத் துண்டுகள்... டொபி உறை, புடவைக்கடைப் பையின் மூலை, உரிந்த சுவரின் சுண்ணாம்பு, யாரோ கேற்றில் சுரண்டிய துரு. ஒவ்வொன்றையும் மட்டையில் ஒட்டி நாள் எழுதியிருந்தாள்.

"எங்கட ஒழுங்கைக் கேற்றுகளை உப்புக் காத்து தின்னுதெல்லோ. எல்லாரும் பெயின்ற் அடிக்கினம். நான் முதல் போய்ப் படம் எடுத்திடுவன். அந்தக் காகத்தின்ரை செட்டை என்ன நிறம் எண்டு பாருங்கோ... பதினெட்டாம் நம்பர் கேற்."

திரும்பி நடக்கும்போது பதினெட்டாம் நம்பர் கேற்றின் முன்னால் நின்றான். துரு, ஊதா, நடுவில் பழைய நீலம். அவன் வீடு இரண்டு தரிப்பு தூரம்தான்; கடற்கரைக்குப் போக ஆறு வருடம் இதைக் கடந்து போயிருக்கிறான்.

அதற்கடுத்த சனிக்கிழமை அவள் பேச்சிலிருந்து 'அண்ணா' காணாமல் போயிருந்தது. அவன் கவனித்தான். கவனிக்காததுபோல் இருந்தான்.

அன்றுதான் பாலேஸ்வரி வடையும் தேநீரும் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டார். "தம்பி, கலியாணம் முடிச்சிட்டீங்களோ?"

"முடிச்சனான். அவ இப்ப இல்லை. ரெண்டு வருசம்."

யதுஷாவின் தூரிகை நின்றது. பாலேஸ்வரியின் முகம் மாறியது. அந்த மாற்றம் அவனுக்கு நன்றாகப் பழக்கம்.

போகும்போது அவர் ஒரு பை நிறையச் சாப்பாடு கட்டிக் கொடுத்தார். படியிறங்கிய பிறகுதான் கண்ணாடியை மேசையில் விட்டது நினைவு வந்தது. திரும்பி ஏறினான். கதவு சாத்தியிருந்தது. உள்ளே பாலேஸ்வரியின் குரல்.

"பாவமடி அந்தப் பெடியன். சமைச்சுக் குடுக்கக்கூட ஒருத்தரில்லை. நீயும் பாவம் பாத்துத்தானே இவ்வளவு நேரம் வச்சுக் கதைக்கிறாய்?"

ஹரிசன் காத்திருந்தான். அவள் பதிலுக்காக. ஒரு சொல் போதும்...

அவள் ஒன்றும் சொல்லவில்லை.

கண்ணாடி இல்லாமலே வீட்டுக்குப் போனான்.

அடுத்த சனிக்கிழமை அவன் போகவில்லை. அவள் கண்ணாடியை அச்சகத்துக்கு அனுப்பியிருந்தாள், பஞ்சு சுற்றி. அவன் மின்னஞ்சலில் நன்றி எழுதினான். 'மாதிரிகள் இணைக்கப்பட்டுள்ளன' என்று எழுதினான். 'ஏன் வரேல்லை?' என்று அவள் கேட்டதற்கு 'வேலை அதிகம்' என்று எழுதினான். உண்மையும் அதுதான். வீட்டில் வைத்துக் கோப்பை கோப்பையாகச் சாயம் ஊற்றிப் பார்த்தான். அச்சகத்தில் வழக்கமான நாலு மையும் போதாது என்று, ஐந்தாவதாக ஒரு மையைத் தனியே கலந்தான். ஒன்பது தடவை பிழையாக வந்தது. பத்தாவது தடவை தாளைத் தூக்கி ஜன்னலில் பிடித்தான். தாளில் மழை பெய்தது.

ஓடிப்போய் அவளிடம் காட்ட வேண்டும் என்று கால் எழுந்தது. இருத்தினான். இரக்கத்துக்கு ஒரு கதிரை போட்டு வைத்திருக்கும் வீட்டுக்கு எப்படிப் போவது?

மூன்றாவது வாரம் புத்தகம் மெஷினில் ஏறியது. முதல் நல்ல தாளைப் பார்த்து வரைந்தவர் கையெழுத்து வைத்தால்தான் மிச்சம் ஓடும். அதுதான் அச்சகத்து வழக்கம். அவளுக்கு நப்ரீஸ் சொல்லியனுப்பினார்.

வந்தாள். நீலச் சட்டை. குடையிலிருந்து நீர் சொட்டியது. ஹரிசனை நிமிர்ந்து பார்க்கவில்லை. மெஷின்காரர் மஷூர் ஒரு பெரிய தாளை உருவி, விளக்கின் கீழே சரிவுமேசையில் விரித்தார். எட்டுப் பக்கம் ஒன்றாக. எட்டிலும் மழை. தூறல், மழை, அடைமழை... காகத்தின் குடை நனைந்திருந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். கனநேரம். நிமிர்ந்தபோது கண்கள் கலங்கியிருந்தன.

மஷூர் பேனாவை நீட்டினார். "சைன் ஒண்டு வச்சிடுங்க தங்கச்சி."

"வைக்க மாட்டன்."

"ஏன், என்ன பிழ?"

"பிழை இல்லை. நான் வரைஞ்சதிலயும் நல்லா இருக்கு."

"அப்ப?"

"இவர் ஏன் மூண்டு கிழமையா வீட்டை வரேல்லை எண்டு சொல்லட்டும். பிறகு வைக்கிறன்."

மஷூர் அவளைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். "ஹரிசன் தம்பி, மை காயுது. சொல்லிப் போடுங்க." கையைத் துணியில் துடைத்தபடி வெளியே போனார். "நான் டீ ஒண்டு குடிச்சிட்டு வாறன்."

தகரக் கூரையில் மழை சத்தமாகப் பெய்தது. ஹரிசன் தாளின் ஓரத்தைப் பிடித்தபடி நின்றான்.

"அண்டைக்கு... கண்ணாடி எடுக்கத் திரும்பி வந்தனான். அம்மா கதைச்சது கேட்டது."

"எது?"

"பாவம் எண்டு. நீங்களும் பாவம் பாத்துத்தான் கதைக்கிறீங்களோ எண்டு கேட்டவ. நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை."

அவள் குடையை மேசைக் காலில் சாய்த்தாள்.

"ரெண்டு வருசமா எல்லாரும் அதைத்தான் சொல்லினம். கடையில, பக்கத்து வீட்டில, கோயில்ல. உங்கட மேசைக்குப் பக்கத்தில இருக்கேக்க மட்டும் நான் அந்த ஆள் இல்லை. மழையைத் துடைச்ச மடையன்." சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. "அது எனக்குப் பிடிச்சிருந்தது. அடுத்த சனிக்கிழமை மாதிரி ஒண்டும் கொண்டு வராமல், சும்மா உங்களைப் பாக்க எண்டே வருவம் எண்டு நினைச்சிருந்தனான். கஜானி போன பிறகு அப்பிடி ஒண்டு நினைச்சது அதுதான் முதல் தரம். பயமாவும் இருந்தது. அந்த நேரம் அதைக் கேட்டதும்... பாவம் பாக்கிற இடத்துக்கு அப்பிடி வர ஏலாது, யதுஷா."

முதல் தடவையாக அவள் பெயரைச் சொன்னான். அது இருவருக்கும் கேட்டது.

அவள் பேனாவை எடுத்தாள். தாளின் மூலையில் கையெழுத்து வைத்தாள். நாள் போட்டாள். மூடியைத் திருகினாள். பிறகு நிமிர்ந்தாள். பஸ்ஸில் பார்த்த அதே கண்கள், அதே கறுப்பு... கோபம் மட்டும் இல்லை.

"பாவம் இல்லையம்மா, எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு எண்டு வாய் வரைக்கும் வந்ததுதான். உங்களுக்குச் சொல்ல முதல் அவவுக்கு எப்பிடிச் சொல்லுறது?"