பன்னிரண்டாவது மின்னஞ்சல்

மதியச் சாப்பாடு முடிந்து கை கழுவும்போதுதான் அந்தச் சத்தம் அவன் காதில் விழுந்தது. சாமான் அறையில், பழைய அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே அவன் வைத்திருந்த மெயில் சர்வரின் டிஸ்க், தகரத்தை நகத்தால் சுரண்டுவதுபோல் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை. அந்நேரம் அந்த வீட்டுக்கு மெயில் அனுப்ப யாருமில்லை.

ஐந்து வருஷமாக வீட்டு மெயிலெல்லாம் அவன் கை வழியாகத்தான் போய்வந்தது. நம் கடிதத்தை ஊரான் எதற்குப் படிக்க வேண்டும் என்று பெருமையடித்துக்கொள்வான். ஊரான் படிக்கவில்லை. தம்பி அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போன வாரம், அவனிடமிருந்து அவளுக்கு எது வந்தாலும் அவள் கண்ணில் படாமல் தனி ஃபோல்டரில் விழும்படி சர்வரில் ஒரு விதி எழுதினான். அம்மா மனசு கொஞ்ச நாள் ஆறட்டும் என்றுதான். கொஞ்ச நாள் இரண்டு வருஷமாயிற்று. தம்பி ஏதாவது எழுதினானா என்று அவள் கேட்கும்போதெல்லாம், இல்லை என்றான். தம்பி போய்விட்டான் என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்த பிறகே ஃபோல்டரைத் திறந்தான். பதினொரு மெயில்கள். கடைசி மெயிலில் ஒரே வரி: அம்மா, ஒரு தடவை வந்து பாரேன்.

அத்தனையையும் அழித்தான். "என் பிள்ளை ஒரு வரிகூட எழுதலையே" என்று அவள் தம்பியின் தலைமாட்டில் அழுதபோது, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சாமான் அறைக் கதவைத் திறந்தான். சூடேறிய தூசியின் வாடை. அதற்கடியில் ஆஸ்பத்திரி மருந்து நெடி. திரையில் ஒரு வரி புதிதாக ஏறியிருந்தது. அனுப்பியவர், தம்பி. பெறுபவர், அம்மா. வெளியிலிருந்து வந்ததல்ல, இதே சர்வரிலிருந்து புறப்பட்டிருந்தது. அவன் எழுதிய விதி அதைத் தடுக்கவில்லை. போய்ச் சேர்ந்துவிட்டது.

நெட் கேபிளைப் பிடுங்கினான். டிஸ்க் ஓடியது.

பிளக்கைப் பிடுங்கினான். திரை அணைந்தது. டிஸ்க் ஓடியது.

வயர் கையில் தொங்கியது.

பிறகு, சட்டென்று, நிசப்தம்.

அம்மாவின் அறையிலிருந்து பேச்சுக்குரல்.

போய் வாசலில் நின்றான். அவள் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, மடியில் இருந்த டேப்லெட்டில் விரலை வரி வரியாக நகர்த்திப் படித்துக்கொண்டிருந்தாள். டேப்லெட் அணைந்திருந்தது. வெறும் கறுப்பு.

"தம்பி எழுதியிருக்கான்டா" என்றாள், நிமிராமல். "பதினோரு தடவை கூப்பிட்டானாம். நான் வரலைன்னு அவனே கிளம்பி வந்துட்டானாம்."

"அம்மா, நான்தான்..."

"தெரியும். உன்னை ஒண்ணும் சொல்ல வேணாங்கிறான்."

மருந்து நெடி அவனைத் தாண்டி உள்ளே போயிற்று.

அம்மா தலையணையைத் தட்டிப் போட்டு, சுவரோரம் சற்று ஒதுங்கி இடம் விட்டாள்.

அவளுக்குப் பக்கத்தில் மெத்தை மெல்ல அமுங்கியது.